பட்டன் இருக்கு, ஆனா டயர் செத்துப்போச்சு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டயர் பற்றியவை. மழைக்காலம் வருகிறது என்றால் நம்ம வடசென்னை ஆட்களுக்குத் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையும் டயரும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்துவிடும் போல. சரி, இந்த இதழ் முழுக்க டயர்தான். இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 2011 மாடல் ஸ்கார்பியோ இருக்கிறது. அப்பா வாங்கியது, விற்க மனசு வரவில்லை. மொத்தமே 68,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நான்கு டயரும் 2017-இல் மாற்றியவை, பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. மெக்கானிக் "ரெண்டு வருஷம் தாராளமா ஓட்டலாம் சார்" என்கிறார். டயர் கடைக்காரர் "உடனே மாத்துங்க" என்கிறார். அக்கா மகன் "மாத்துறதுன்னா 255 சைஸ்ல ஆல் டெரெய்ன் போடுங்க மாமா, வண்டி கெத்தா இருக்கும்" என்கிறான். மாதம் ஒருமுறை பழவேற்காடு, வருஷத்துக்கு ஒரு தரம் திருநெல்வேலி, மற்றபடி எர்ணாவூர், மணலி, பாரிமுனை என்று ஊருக்குள்தான் ஓட்டம். யார் பேச்சைக் கேட்பது? எங்கள் ஊரிலேயே டயர் கம்பெனி இருக்கும்போது வேறு பிராண்டுக்குப் போகலாமா?
(திருவொற்றியூர் வாசகர்)

பதில்: கடைக்காரர் பேச்சைக் கேளுங்கள். அவர் வியாபாரத்துக்காகச் சொல்லியிருந்தாலும் இந்த முறை சொன்னது சரி.

உங்களை மாதிரி குறைவாக ஓட்டுகிறவர்களின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. டயர் ரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். வண்டி ஓடும்போது டயர் வளைந்து நெளிய நெளிய அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வந்து வெயிலிலிருந்தும் காற்றில் இருக்கும் ஓசோனிலிருந்தும் ரப்பரைக் காப்பாற்றும். வண்டி ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காது, ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். அதனால்தான் தினமும் ஓடும் டாக்சி டயரை விட வாசலில் வெயிலில் நிற்கும் நம் வண்டி டயர் சீக்கிரம் கிழடாகிறது. மேலே பளபளவென்று பாலிஷ் அடித்துவிட்டால் உள்ளே போன உயிர் திரும்பாது.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். என் பழைய வண்டியில் எட்டு வருஷ டயர், பட்டன் அழகாக இருந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் புது டயரா என்று கேட்பார்கள், எனக்கும் பெருமை. ஒரு மே மாத மத்தியானம் கும்மிடிப்பூண்டி தாண்டி கொல்கத்தா ரோட்டில் போகும்போது பின்னால் தட்தட் என்று ஒரு சத்தம். ரோடு சரியில்லை என்று நினைத்து நான் பாட்டுக்கு எண்பதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் டயரின் மேல் பட்டை அப்படியே உரிந்து மட்கார்டை அடித்துக் கிழித்துவிட்டது. வண்டி கவிழாதது யார் செய்த புண்ணியமோ. ஓரமாக நிறுத்திவிட்டு, ரோட்டில் கிடந்த பட்டையைப் போய் எடுத்துப் பார்த்தேன். அதிலும் பட்டன் அப்படியே இருந்தது.

உங்கள் டயரின் உண்மையான வயதை முதலில் பாருங்கள். 2017-இல் மாற்றியது என்றால் 2017-இல் செய்தது என்று அர்த்தமில்லை. டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நான்கு எண்தான் பிறந்த தேதி: 3116 என்றிருந்தால் 2016-ஆம் வருஷம் 31-ஆவது வாரம். முழு எண்ணும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்பக்கமாக மாட்டியிருந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் ஆளை வைத்துப் பார்க்கவும், பார்க்க நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்தில் கட்டாயம் தூக்கவும் மிஷலின் மாதிரிக் கம்பெனிகளே சொல்கின்றன. அது குளிர் நாட்டுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. நம்ம ஊர் வெயிலில் வாசலில் நிற்கும் வண்டிக்கு நான் ஆறு, மிஞ்சிப்போனால் ஏழு என்றுதான் வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்போ பட்டன் இடுக்கின் அடியில் கீறலோ தெரிந்தால் அந்தக் கணக்கும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சைஸ் 235/70 ஆர் 16 ஆகத்தான் இருக்கும், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் போட்டிருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம், 70 என்பது பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 16 ரிம்மின் இஞ்ச். கணக்குப் போட்டால் டயரின் முழு உயரம் சுமார் 735 மில்லிமீட்டர் வரும். 255/70 ஆர் 16 போட்டால் 763. வித்தியாசம் 28, அதில் பாதிதான் வண்டியைத் தூக்கும், ஆக மாப்பிள்ளை கேட்கிற கெத்து வெறும் 14 மில்லிமீட்டர், ஒரு விரல் தடிமன்! அதற்குக் கொடுக்கிற விலையைப் பாருங்கள்: மீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 104-இல் போகும், கியர் இழுவை குறையும், ஸ்டியரிங் கனக்கும், முழுசாக ஒடித்தால் உள்ளே உரசினாலும் உரசும். பதினைந்து வயசு வண்டியின் பால் ஜாயின்ட்டுக்கும் பேரிங்குக்கும் இதெல்லாம் தாங்காது. அதே 235/70 ஆர் 16 போடுங்கள், தீர்ந்தது.

ஆல் டெரெய்ன் வேண்டாம். மண்ணிலும் கல்லிலும் பிடிப்பதற்காகப் பட்டனைப் பெரிது பெரிதாக, இடைவெளி விட்டு வெட்டியிருப்பார்கள். தார் ரோட்டில் அது ஊளையிடும், டீசல் கூடக் குடிக்கும், எல்லாவற்றுக்கும் மேல் ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் சாதாரண ஹைவே டயரை விடக் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் பெரும்பாலும் நிற்கும். உங்கள் ஓட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தார்தான். பழவேற்காட்டு மணலில் சிக்குமே என்று கேட்டால், அங்கே உதவுவது பட்டன் இல்லை, காற்றுதான். மணலில் இறங்குமுன் காற்றை இருபது பவுண்டு அளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மணல் மேல் மிதக்கும். திரும்பி ரோட்டுக்கு ஏறியதும் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும், அதற்கு வண்டியில் சொருகுகிற சின்ன காற்று பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இறக்கிய காற்றோடு பொன்னேரி வரை ஓட்டிப் போனால் டயர் சூடேறி உள்ளுக்குள்ளேயே செத்துவிடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று, கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். "இது எண்பதாயிரம் ஓடும் சார்" என்று ஒரு மாடலைக் காட்டுவார்கள். உங்களுக்கு அது எதற்கு? வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் கூட நீங்கள் ஓட்டுவதில்லை. ஏழு வருஷத்தில் முப்பத்தைந்தாயிரம், அதற்குள் ரப்பருக்கு வயதாகிவிடும், மீதி நாற்பத்தைந்தாயிரத்தைக் காசு கொடுத்து வாங்கித் தூக்கிப் போடப் போகிறீர்கள். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று கெட்டியாகச் செய்த ரப்பர் பொதுவாக ஈரத்தில் கொஞ்சம் வழுக்கும். சீக்கிரம் தேய்ந்தாலும் மழையில் நன்றாகப் பிடிக்கிற மாடல்தான் உங்களுக்குச் சரி. சில டயர்களில் ட்ரெட்வேர் என்று ஒரு எண்ணும், ட்ராக்ஷன், அதாவது ஈரத்தில் பிடிப்பு, என்று ஏஏ, ஏ, பி, சி என ஏதாவது ஒன்றும் அச்சாகியிருக்கும். எண் பெரிதாக இருந்தால் நாள்பட உழைக்கும், ஆனால் அதை ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு நடுவில்தான் ஒப்பிட முடியும். உங்களுக்கு எண் கொஞ்சம் சின்னதாகவும் ட்ராக்ஷன் ஏ-வுக்குக் கீழே போகாமலும் இருக்கட்டும். தினமும் விஜயவாடா போய் வருகிற டிராவல்ஸ்காரருக்கு நான் நேர் எதிராகச் சொல்வேன்.

சைஸுக்குப் பக்கத்தில் 105 எஸ் மாதிரி ஒன்று இருக்கும். 105 என்றால் ஒரு டயர் 925 கிலோ தாங்கும், எஸ் என்றால் 180 வேகம் வரை. இரண்டும் கம்பெனி போட்டதை விடக் குறையக் கூடாது. கூடினால் பரவாயில்லை.

பிராண்ட். 1946-இல் உங்கள் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது, அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் இப்போது நம்மைச் சுற்றி ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., தேர்வாய் கண்டிகையில் மிஷலின் என்று டயர் ஊராகவே ஆகிவிட்டது. எல்லாக் கம்பெனியிலும் நல்ல மாடலும் இருக்கும், சுமாரானதும் இருக்கும். நான் பெயரை விடத் தேதியைத்தான் பார்ப்பேன். பெரிய பெயரில் இரண்டு வருஷம் குடோனில் கிடந்ததை விட, அடுத்த பெயரில் மூன்று மாதத்துக்கு முன் செய்தது எனக்குப் போதும். பழைய பெரிய வண்டி சைஸ்கள் கடையில் வேகமாகப் போகாது, அதனால் பழைய சரக்கு உங்கள் தலையில்தான் விழும். கழற்றி மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு டயரின் தேதியையும் படியுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் சந்தோஷம், ஒரு வருஷம் தாண்டியிருந்தால் வேறு எடுத்து வரச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். பில்லும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியிருக்கிறது. பில் இல்லாமல் வாங்கினால் நாளைக்கு டயர் புடைத்துக்கொண்டு வந்தால் வாரண்டி என்று வாய் திறக்க முடியாது.

மாட்டுமுன் பழைய டயரை ஒரு நிமிஷம் பாருங்கள், அது வண்டியின் ஜாதகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் அதிகம். உள் ஓரம் மட்டும் என்றால் சக்கரம் நேராக நிற்கவில்லை, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் ஆறு மாதத்தில் மறுபடி எனக்குத்தான் எழுதுவீர்கள். உங்களுக்கு 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கிற நேரமும் வருகிறது, வண்டியைக் காட்டப் போகும்போது டயர் நல்லதாக இருந்தால் ஒரு தலைவலி மிச்சம்.

கேள்வி: 2013 டஸ்டர் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது. முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, புதுசை முன்னால் போட்டுவிடலாமா?
(மாதவரம் வாசகி)

பதில்: பின்னால் போடுங்கள் அம்மா. கடையில் பத்தில் எட்டுப் பேர் முன்னால்தான் போடுவார்கள், நீங்கள் நின்று சொன்னால்தான் மாற்றுவார்கள். காரணம் இதுதான். தண்ணீர் நிற்கும் ரோட்டில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். பின்டயர் வழுக்கினால் வண்டி பம்பரம் மாதிரி சுழலும், அதைப் பிடிக்க நம்மால் ஆகாது. டயர் கம்பெனிகள் எல்லாம் சொல்வதும் இதுதான். மீதி இரண்டு டயரில் பட்டன் இடுக்கில் ஒரு சின்ன மேடு இருக்கும், பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு முக்கோணமோ அந்த இடத்தைக் காட்டும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டப்படியே அந்த டயர் முடிந்தது, முன்னாலும் போடக் கூடாது. மழைக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன்.

இன்னொன்று. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைப் பின்பற்ற வேண்டாம். புதுசும் பழசுமாக டயர் உயரம் வித்தியாசப்பட்டால் உள்ளே கியர்களுக்குள் இழுபறி நடந்து டயர் காசை விடப் பெரிய செலவு வைக்கும். கடன் வாங்கியாவது நான்காகப் போடுங்கள்.

கேள்வி: பழைய பொலேரோவில் மீன் பெட்டி ஏற்றுகிறேன். செகண்ட் ஹேண்ட் டயர் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது, பட்டன் புதுசு மாதிரி ஆழமாக இருக்கிறது. வாங்கலாமா அண்ணே?
(காசிமேடு வாசகர்)

பதில்: அந்த ஆழம்தான் தம்பி சந்தேகத்துக்கு இடம். மொட்டை டயரில் சூடான கத்தியால் கோடு இழுத்து "நல்ல பட்டன்" என்று விற்கிற வேலை ரொம்ப நாளாக நடக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே ரப்பர் என்று ஒன்றும் மிச்சம் இருக்காது, நேராகக் கம்பிதான். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன அந்தச் சின்ன மேட்டை இடுக்கில் தேடுங்கள், கத்தி போட்ட டயரில் அது வெட்டுப்பட்டுப் போயிருக்கும். இடுக்கின் அடியும் வழவழவென்று இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். சில லாரி டயர்கள் இப்படி மறுபடி வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்தவை, அந்தக் கதையைச் சொல்லி உங்கள் தலையில் கட்டுவார்கள். பொலேரோ சைஸ் டயருக்கு அது கிடையாது.

ஐஸும் மீனுமாக ஏற்றுகிறீர்கள், விடிகாலை மூன்று மணிக்கு லாரிகளுக்கு நடுவில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓட்டுகிறீர்கள், வண்டி நின்றால் சரக்கும் போச்சு. ஒரு நாள் சரக்கு வீணானால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அதை டயர் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுசு இரண்டு இந்த மாதம், இரண்டு அடுத்த மாதம். முதல் இரண்டும் பின்னால்.

கேள்வி: புது டயர் போட்டும் வாரத்துக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது. பஞ்சர் கடையில் தொட்டியில் முக்கிப் பார்த்து ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள்.
(எண்ணூர் வாசகர்)

பதில்: டயரை விடுங்கள், ரிம்மைப் பாருங்கள். கடற்காற்றில் உப்பு, அதோடு சாம்பல் தூசி, டயர் உட்காரும் விளிம்பில் துரு பிடித்துப் பொரிப்பொரியாக ஆகியிருக்கும், அந்த வழியாக மெல்லக் கசியும். அலாய் வீலும் இதற்குத் தப்பாது, வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வரும். டயரைக் கழற்றி விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, விளிம்புக்கென்று விற்கும் சீலர் தடவி மாட்டச் சொல்லுங்கள். ரப்பர் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். புது டயருக்குப் பழைய வால்வு போட்டுவிடுவது கடைகளில் வழக்கம், கசிவு அங்கேயும் இருக்கலாம்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் டயர் கூலாக இருக்குமாமே?
(பெரம்பூர் வாசகர்)

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சும்மா கொடுத்தால் அடித்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் கெடுதல். வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

கேள்வி: நான்கு டயரும் மாற்றிவிட்டேன். ஸ்டெப்னி ஒருமுறை கூட ரோட்டைத் தொடாதது, 2008-இல் வண்டியோடு வந்தது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்தானே?
(மணலி வாசகர்)

பதில்: தொடாதது என்பதால்தான் சொல்கிறேன், முதல் பதிலில் அந்த மெழுகுக் கதையை மறுபடி படியுங்கள். கழற்றிய நான்கில் வயது குறைந்தது, வெடிப்பில்லாதது ஒன்று இருந்தால் அதை ஸ்டெப்னியில் போட்டுவிட்டு 2008-க்கு ஓய்வு கொடுங்கள். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிற மாடல் என்றால் அதை இறக்கும் செயினும் துருப்பிடித்து இறுகியிருக்கும், நடுரோட்டில் இறங்க மறுக்கும். இன்றைக்கே ஒருமுறை இறக்கி எண்ணெய் போட்டு ஏற்றி வையுங்கள்.

கேள்வி: கழற்றின பழைய டயரை என்ன செய்வது? மொட்டை மாடியில் நான்கு கிடக்கிறது.
(கொருக்குப்பேட்டை வாசகி)

பதில்: முதலில் மாடியிலிருந்து இறக்குங்கள், மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதை விட நல்ல வீடு கிடையாது. அடுத்த முறை டயர் வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள், சின்னத் தொகைதான் என்றாலும் கொடுப்பார்கள். கொடுக்குமுன் பக்கவாட்டில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள், மேலே காசிமேடு தம்பிக்குச் சொன்ன மாதிரி கோடு போட்டு வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. காசிமேட்டில் படகு மோதாமல் இருக்கப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதற்குக் கேட்டாலும் கொடுக்கலாம், அதற்குக் கீறல் ஒரு குறையில்லை. போகிக்கு எரிக்க வேண்டும் என்று தெருப்பையன்கள் வந்து கேட்பார்கள், அவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மணலிப் பக்கம் காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துகிற ஊர் நம்முடையது.